பணியாரச் சட்டியில் ஈயம்

அந்த நாற்காலி வேண்டாம் அத்தை. இருக்கையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதே, அது ஈயம் தெறித்த இடம். உட்கார்ந்தால் சேலையைப் பிடித்து இழுக்கும். இப்படி பெஞ்சுக்கு வாங்க. அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருக்கிறாள். பார்வைக்கு ஒன்றுமில்லை, இமைதான் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கட்டுப்போட்ட காலோடு வலை பின்னுகிற இடத்துக்குக் கிளம்பிவிட்டான். அங்கே உட்கார்ந்து நாலு பேரிடம் கதை விடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

பஸ்ஸை விட்டு இறங்கி இந்த வீடு வரைக்கும் நடந்து வருவதற்குள் உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்கள்? "திரேசம்மா மக வாயாலதான் எல்லாம் வந்துச்சு." சொன்னார்களா இல்லையா? நீங்க தலையைக் குனிகிறதிலேயே தெரிகிறது. சொல்லட்டும். இந்த ஊரில் ஒருத்தருக்காவது ஒரு விஷயத்தைக் காரணம், காரியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா? நான் வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. உங்க மகளை எங்க அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறீங்க. ஐந்து மாச வயிற்றோடு, கூப்பிட யாரும் வராமல், அவளாக ஒரு ஆட்டோவைப் பிடித்து உங்க வாசலில் வந்து இறங்கியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். செல்சி மதினி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அதனால் அவளுக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது. எப்போதும் அப்படித்தான்.

நண்டு வலைக்கு அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டு கட்டவேண்டும், இல்லாவிட்டால் வலை தண்ணீரில் நிற்காது. அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்க வீட்டிலும் வலைதான். கடையில் வார்த்த குண்டே கிடைக்கிறது. அண்ணன் அதை வாங்கமாட்டான். "கடக் குண்டு கனம் காணாது" என்பான். பழைய இரும்புக் கடையில் போய், உடைத்த பேட்டரிக்குள் இருக்கிற ஈயத் தகடுகளை அள்ளிக்கொண்டு வருவான். மற்றவர்கள் எல்லாம் கடற்கரையில் மூன்று கல்லைக் கூட்டி, கிடைத்த விறகைப் போட்டு உருக்குவார்கள். அதுவும் மடத்தனம்தான், ஆனால் காற்றோட்டமுள்ள மடத்தனம். எங்க அண்ணன் கிளாட்வின் துரைக்கு அது ஒத்துவராது. வெயில் அடிக்கிறதாம், மணல் பறக்கிறதாம், குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறதாம். அதனால் அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டான். கேஸ் அடுப்பில்.

நான் செமஸ்டர் லீவுக்கு வந்து இறங்குகிறேன். பையைக்கூட இறக்கவில்லை. அடுப்படியில் ஜன்னல் சாத்தியிருக்கிறது. மேஜை ஃபேன் ஓடுகிறது. இதோ இந்த நாற்காலி, அதன் மேல் ஒரு தலையணை, தலையணை மேல் அண்ணன். உப்பு ஜாடியில் சாத்திவைத்த போனில் கிரிக்கெட். அடுப்பில் இரும்புச் சட்டி நிறைய ஈயம். தலையில் என்ன தெரியுமா? பைக் ஹெல்மெட். வாயில் கொரோனா காலத்து மாஸ்க். இடுப்பில் கைலி.

"கதவச் சாத்துட்டி, காத்து வந்தா அடுப்பு அணையுது" என்கிறான்.

"இது என்னண்ணே வேஷம்?"

"சேஃப்டி" என்றான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"காலுல ஒரு செருப்புகூட இல்லையே."

"வீட்டுக்குள்ள எவன்ட்டி செருப்பு போடுவான்? அம்ம வைவா."

சிரிக்காதீங்க அத்தை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஃபேனை அவன் பக்கம் புகை வராதபடி திருப்பி வைத்திருந்தான். அப்படியானால் புகை யார் பக்கம் போகும்? அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உங்க மகள் பக்கம். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உரிக்கிறாள். எழுந்து வெளியே போகவேண்டியதுதானே? போகமாட்டாள். "இங்கனயிருந்து போயிரு மதினி" என்றேன். "வெங்காயம் முடியட்டும்" என்கிறாள். வெங்காயம் முடியட்டுமாம்! குழந்தையின் மூளையைவிட வெங்காயம் பெரிது.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். பேச்சுப்போட்டி என்று மேடை ஏறினால் பரிசில்லாமல் இறங்கியதில்லை. அன்றைக்கு நின்ற இடத்திலேயே பேசினேன். ஈயம் மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சோற்றோடு போகும், ரத்தத்தில் கலக்கும், எலும்பில் குடியேறும், தாயின் உடம்பிலிருந்து வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் இறங்கும், பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இடையில் அவன் கையைக் கழுவாமல் மிக்சரை அள்ளி வாயில் போடுகிறான். அதையும் சுட்டிக்காட்டினேன்.

"ராத்திரி ரெண்டு வாழப்பழம் தின்னுட்டு ஒரு டம்ளர் தேங்காப்பால் குடிச்சா எல்லாம் முறிஞ்சிரும்" என்றான்.

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எங்க அப்பா உருக்கல? தாத்தா உருக்கல? எனக்கென்ன மூள இல்லாமலா போச்சு?"

"அதைத்தான் நான் இவ்வளவு நேரமா சொல்லிட்டு இருக்கேன்" என்றேன்.

மதினிகூட அப்போது சிரித்தாள். நான் பார்த்தேன். அப்போதெல்லாம் என் பக்கம்தான் இருந்தாள்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று வரக்கூடாது. ஒருநாள் அவனே இறங்கி வந்தான். "சரிட்டி, கடக்கரையிலயே வச்சிக்கிடுதேன். காத்துக்கு மறைப்பு வேணும். தகரத்தப் பிடிச்சிக்கிட்டு ஒரு ஆள் நிக்கணும், வா" என்றான். இது எப்படி இருக்கிறது பாருங்க. தப்பு செய்கிறவன் அவன், தகரம் பிடிப்பவள் நானா? நான் கொள்கையைச் சொல்கிறவள் அத்தை, கூலியாள் இல்லை. அதுவுமல்லாமல் அந்த வாரம் எனக்குப் பேச்சுப்போட்டி. 'பெண் பாதுகாப்பு வீட்டில் தொடங்குகிறது' என்பது தலைப்பு. அதைச் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி அடுப்படிக்குள் போய்விட்டான். சோம்பேறிக்கு ஒரு சாக்குத்தானே வேண்டும்.

போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். அதை விடுங்க.

இனிமேல்தான் பணியாரச் சட்டி வருகிறது. அண்ணனுக்கு ஒரு கண்டுபிடிப்பு தோன்றிவிட்டது. மணலில் குழி போட்டு வார்த்தால் குண்டு ஒன்றுபோல வருவதில்லை. எங்க வீட்டுப் பணியாரச் சட்டியில் குழி எல்லாம் ஒரே அளவு. அதில் ஊற்றி, நடுவில் ஒரு ஆணியை நட்டுவைத்தால், ஆறினதும் கயிறு கோர்க்க ஓட்டையோடு குண்டு கழன்று விழும். உள்ளங்கையில் ஒரு குண்டை ஏந்தி என்னிடம் காட்டுகிறான், பொன் கட்டியைக் காட்டுகிற மாதிரி. "எப்படி? நீ காலேஜுல இதெல்லாம் செஞ்சிருக்கியா?" நான் அந்தக் குண்டைத் தொடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் லைப்ரரியிலிருந்து வருகிறேன். அடுப்படியில் பணியார வாசனை. மதினிக்கு மசக்கையில் எதுவும் தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கஞ்சித் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்து, இனிப்புப் பணியாரம் கேட்டாளாம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாவை ஆட்டி, கருப்பட்டி கரைத்து, எந்தச் சட்டியில் சுட்டிருக்கிறாள்? அதே சட்டியில்!

"புளி போட்டு நல்லாத் தேச்சுத்தாம்ட்டி கழுவுனேன்" என்கிறாள் அம்மா.

புளி! புளிப்புக்கு ஈயம் இன்னும் நன்றாகக் கரையும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கவில்லை அத்தை. தட்டைத் தட்டிவிட்டேன். பணியாரம் எல்லாம் அடுப்படி முழுக்க உருண்டது. ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். கோழி தின்னட்டும் என்றாள் அம்மா. கோழிக்கு ரத்தம் இல்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் வாயில வச்சேன்" என்றாள் மதினி.

"துப்பு" என்றேன்.

துப்பினாள். துப்பிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இதற்கு அழுவதா? உன் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறேன், நன்றி சொல்லவேண்டாமா? நான் அவளை உட்காரவைத்து, தாய் என்பவள் தன் உரிமையை எப்படிக் கேட்கவேண்டும், புருஷனை எதிர்த்து எப்படி நிற்கவேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

என்ன? அன்றைக்கு அப்புறம் அவள் என்ன சாப்பிட்டாள் என்றா? அது எனக்குத் தெரியாது அத்தை. நான் அப்போது அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

இல்லை, சட்டியை நான் தூக்கி எறியவில்லை. புதுச் சட்டியும் வாங்கவில்லை. நான் ஏன் வாங்கவேண்டும்? யார் கெடுத்தானோ அவன் வாங்கவேண்டும். நான் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவன் குற்றத்தை நான் துடைத்த மாதிரி ஆகிவிடாதா? இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் வாதம்தான். நான் ஒன்று சொல்ல, அண்ணன் ஒன்று சொல்ல. நடுவில் அம்மா புலம்புவாள். "பிள்ளத்தாச்சி இருக்கிற வீடு. ஆளாளுக்குக் கத்துனா அது எப்படிட்டி நிம்மதியா இருக்கும்? வல முடியட்டும், மாதா தீர்த்தம் தெளிச்சிருதேன், அவ பாத்துக்கிடுவா."

உங்க பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டுதானே? புது வலையைக் கடலில் இறக்குகிற அன்றைக்கு, மணலில் விரித்துப்போட்டு, கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஈயம் கட்டின ஓரமாகத் தெளிப்பார்கள். சரி, அவரவர் நம்பிக்கை. ஆனால் எனக்கு அன்றைக்கு ஆத்திரம். இவ்வளவு அறிவியல் பேசிக்கொண்டிருக்கிறேன், இவள் தீர்த்தத்துக்குப் போகிறாளே என்று. அதனால் கேட்டேன்:

"எல்லாம் ஆறி, கயித்துல கோத்து, ஆபத்து முடிஞ்ச பொறவு தெளிச்சு என்னம்மா பிரயோஜனம்? மாதா வந்து காப்பாத்தணும்னா சட்டி கொதிக்கிறப்பல்லா தெளிக்கணும்? விஷம் அப்பத்தான கிளம்புது?"

இது என்ன? கிண்டல். எதிராளியின் நம்பிக்கையையே எடுத்து, அதன் வழியாகவே போய், அது எவ்வளவு அபத்தம் என்று காட்டுவது. மேடையில் சொன்னால் கைதட்டு விழும்.  "அதுவுஞ் சரிதாம் போலருக்கு" என்றாள் அம்மா.

பதில் சொல்ல முடியாமல் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். எந்த மனிதரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் இங்கேதான், இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதே ஈய விவகாரத்தைப் பற்றித்தான் ஒருத்தனோடு மோதிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அண்ணன், தலையணை, ஹெல்மெட், கிரிக்கெட். அம்மா குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள், தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, நேரே உள்ளே போனாள். கையில் மாதா சொரூபம் மாதிரி செய்த பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீட மூடியைத் திருகினால் திறக்குமே, அது. அண்ணன் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கொதிக்கிற ஈயத்தில் பாட்டிலைச் சாய்த்துவிட்டாள்.

ஒரே வெடி. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், ஈயம் உத்தரம் வரைக்கும் போயிருக்கிறது. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போகும்போது பார்த்துவிட்டுப் போங்க. ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெள்ளை. மூஞ்சி தப்பித்தது. கால்? வெறுங்கால்தானே. புறங்கால் முழுக்க வெந்துவிட்டது. அம்மாவுக்கு வலது கையும் இமையும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து குவிந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், கையை உதறிக்கொண்டே அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"நீதானட்டி சொன்ன, கொதிக்கிறப்ப தெளிக்கணும்னு."

அந்த ஒரு வாக்கியம் போதும், ஊர் பிடித்துக்கொண்டது. கிண்டலுக்கும் யோசனைக்கும் வித்தியாசம் தெரியாத ஊர். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "உருகுன ஈயத்துல தண்ணி பட்டா வெடிக்கும்னு படிச்ச உனக்குத் தெரியாதா?" என்று கத்துகிறான். எனக்கா தெரியாது? தண்ணீர் பட்ட கணத்திலேயே ஆவியாகும், ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், மேலே இருக்கிற ஈயத்தைத் தூக்கி எறியும். கரும்பலகையில் கணக்கே போட்டுக் காட்டுவேன். ஆனால் என்னிடம் யாராவது கேட்டார்களா? "கொதிக்கிறப்ப தெளிக்கட்டுமா மகளே" என்று ஒரு வார்த்தை அம்மா கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேனா? கேட்காமல் செய்துவிட்டு என் தலையில் போடுகிறார்கள். இத்தனை நாள் கையைக் கழுவு, ஜன்னலைத் திற என்று கத்தினேனே, அதில் ஒன்றையாவது கேட்டார்களா? கேட்டது இந்த ஒன்றைத்தான்! அம்மாவைக் கேட்டால், "எம்மக படிச்சவ, தப்பாவா சொல்லப்போறா" என்கிறாள். மற்றதை எல்லாம் சொன்னபோது நான் படிக்காதவளாக இருந்தேனா?

மதினி தப்பித்துக்கொண்டாள், நல்லவேளை. கிணற்றடியில் நின்றாள். நான்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஈயம் உருக்கும்போது வெளியே போ, வெளியே போ என்று. அது பலித்தது. அதைப் பற்றி ஊரில் யாராவது பேசுகிறார்களா?

என்ன சொன்னீங்க? உங்களோடு போனில் பேசிக்கொண்டு நின்றாளா?

அழுதுகொண்டா?

சரி, இருக்கட்டும். எதற்காகப் போனால் என்ன, வெளியே நின்றாளா இல்லையா? விளைவுதான் முக்கியம்.

அன்றைக்கு அம்மாவையும் அண்ணனையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், மதினி ஒரு பையோடு வாசலில் நிற்கிறாள். ஆட்டோ வந்தாகிவிட்டது. "எங்க மதினி?" என்றேன். "அம்ம வீட்டுக்கு" என்றாள். ஏழாம் மாசம் நீங்க சோறு கொண்டுவந்து, முறையாக அழைத்துக்கொண்டு போகவேண்டிய பெண். முறையாவது மண்ணாவது என்று கிளம்பிவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன் அத்தை, எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் என் வாதம் ஒருத்திக்காவது புரிந்திருக்கிறது! ஈயம் இருக்கிற வீட்டில் என் பிள்ளை வளராது என்று முடிவெடுத்துவிட்டாளே! "சபாஷ் மதினி" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ சத்தத்தில் கேட்டிருக்காது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. வார்ப்பு எல்லாம் போய்விட்டது. அண்ணன் சட்டியை, பணியாரச் சட்டியை, மிச்சத் தகட்டை எல்லாம் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டான். வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறான். கடைக் குண்டு வாங்கி வலை கட்டுகிறார்கள். என் கொள்கை ஜெயித்துவிட்டது, கால் வெந்து ஜெயித்தாலும் ஜெயித்ததுதானே. அதனால் முறைப்படி ஏழாம் மாசம் எல்லாம் முடித்து, பிள்ளையைப் பெற்று, தைரியமாக இங்கே வரச்சொல்லுங்க. அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். சகிக்கவில்லை. இனி அவளுக்கு இங்கே பயப்பட என்ன இருக்கிறது?

ஏன் அத்தை, வரமாட்டாள் என்று தலையாட்டுகிறீங்க? சொல்லுங்க. பட்டென்று சொல்லுங்க, எனக்கு மழுப்பல் பிடிக்காது.

தனிவீடா?

பார்த்தாகிவிட்டதா? அண்ணனுக்கும் தெரியுமா?

ஈயம்தான் போய்விட்டதே! அவன் அடுப்படிப் பக்கமே வருவதில்லையே! பிறகு எதற்குத் தனிவீடு? அம்மாவோடு அவளுக்குச் சண்டை கிடையாது. அண்ணனோடு கிடையாது. இந்த வீட்டில் அவளோடு யாருமே ஒரு சொல் கடுத்துப் பேசியது கிடையாது. நான்தான் அவளுக்காகப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தேன்...

என்ன அத்தை, என்னையே பார்க்கிறீங்க?

இல்லை. இதை நான் நம்பமாட்டேன். இது அண்ணன் சொல்லிக்கொடுத்தது. மதினிக்கு இப்படியெல்லாம் யோசிக்கத் தெரியாது. அவள் இதை வாயைத் திறந்து சொல்லட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். இத்தனை நாளும் அதைத்தானே கேட்டேன், வாயைத் திறந்து பேசு, உனக்கு என்ன வேண்டும் என்று நீயே சொல்லு என்று. போன் போடுங்க. இப்பவே போடுங்க. ஸ்பீக்கரில் போடுங்க, நீங்களும் கேளுங்க.

ஹலோ, மதினி? நான் இன்பன்டா பேசுறேன். உங்க அம்மா இங்கதான் இருக்காங்க. என்னமோ தனிவீடுங்காங்க. எனக்கு மத்தவங்க வாயால கேக்கப் பிடிக்கல. நீயே சொல்லு. தைரியமாச் சொல்லு. உன் மனசுல என்ன இருக்குன்னு...

ஆமா, சொல்லு, கேக்குறேன். இரு, இரு, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவாயிரணும். நீ என்னைப் பத்தி என்ன நினைச்சாலும் சரி, நான் செஞ்சதெல்லாம் உன் பிள்ளைக்காகத்தான், அதை நீ மறுக்கமுடியாது. முதல் காரணம், அன்னைக்கு அந்தத் தட்டை நான் தட்டிவிடலைன்னா... இல்ல, நீ பேசாத, நான் சொல்லி முடிச்சிருதேன், அப்புறம் நீ பேசு. தட்டிவிடலைன்னா உன் ரத்தத்துல... மதினி? மதினி?

கட்டாகிவிட்டது. இந்த ஊரில் டவரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இன்னொரு தடவை போடுங்க அத்தை.

ஏன் போனைப் பைக்குள் வைக்கிறீங்க? உட்காருங்க, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. போடுங்க அத்தை, ரெண்டாவது காரணத்துக்கே நான் இன்னும் வரவில்லை.